பெரிய பிராண்டுக்கு மாற்றாக எந்த ஹைட்ரேஷன் வெஸ்ட்?

2025 மார்ச் 2 – வாசகர் கேள்வி

ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 25 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். ஆண்டு இறுதியில் மலைப்பாதையில் 50 கிலோமீட்டர் ஓட எண்ணம். தண்ணீர் சுமக்கும் வெஸ்ட் வாங்கலாம் என்று பார்த்தால், எல்லாரும் சொல்லும் பிராண்டுகள் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகின்றன. மூன்று, நான்காயிரத்துக்குள் கிடைப்பவை உருப்படியானவையா, அக்கா? அல்லது காசைக் கரியாக்கும் வேலையா?

2025 மார்ச் 2, இரவு

உருப்படியானவைதாம். ஆனால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் வைக்கும் பை என்று நினைத்து வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர், எத்தனை பாக்கெட் என்றுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். ஓடும்போது அது சட்டை போல உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய பொருள். அரை லிட்டர் குடுவைகள் இரண்டை நிரப்பி மார்பில் வைத்தால் ஒரு கிலோ கூடுகிறது. அந்த ஒரு கிலோ ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் துள்ளினால், மூன்று மணி நேரத்துக்குள் காறை எலும்பின்மேல் தோல் உரிந்துவிடும். துள்ளாமல் நிற்கும் வெஸ்ட் மூவாயிரத்துக்கும் கிடைக்கிறது, துள்ளும் வெஸ்ட் பதினைந்தாயிரத்துக்கும் கிடைக்கிறது. ஏனென்றால் இந்த விஷயம் விலையைவிட உங்கள் மார்புச் சுற்றளவைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

சாலமன், நேதன் போன்ற பெரிய பிராண்டுகளில் கூடுதல் பணத்துக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. இழுபடும் மெல்லிய துணி, தோலில் உரசாத விளிம்புகள், உடல்வாகுக்கு ஏற்ற பல அளவுகள், பல மாடல்களில் கூடவே வரும் இரண்டு சாஃப்ட் ஃப்ளாஸ்க் (அமுக்கினால் சுருங்கும் மென்மையான குடுவை) எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. மலிவான வெஸ்டுகள் பலவற்றில் ஃப்ளாஸ்க் கிடையாது. விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2025 மார்ச் 4

முன்குறிப்பை எழுதி முடித்த பிறகு தோன்றியது: எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும் என்பது தெரியாமல் எந்த வெஸ்டையும் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓடப் போகும் முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, உடம்பைத் துடைத்து, நனைந்த ஆடைகளைக் களைந்த பின் மறுபடியும் எடை பாருங்கள். 800 கிராம் குறைந்திருக்கிறது, இடையில் 400 மில்லி குடித்தீர்கள் என்றால், அந்த வெயிலில் உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். இதை மார்கழியில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் செய்து பார்த்தால்தான் பயன், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு ஆட்களின் கணக்குப்போல வரும்.

வெளியேறிய அத்தனையையும் ஓடும்போதே திரும்பக் குடித்தாக வேண்டும் என்பதில்லை. உடல் எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே பரவலாகச் சொல்லப்படும் அளவு. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.4 கிலோ. அளவுக்கு மீறிக் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இரண்டு லிட்டர் பிடிக்கும் பை வாங்கினால் இரண்டு லிட்டரையும் குடித்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழிநெடுகக் கடைகள் உண்டு. காலை ஐந்தரைக்கே திறக்கும் டீக்கடையில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள முடியுமென்றால், அந்தப் பாதைக்கு ஒரே ஒரு அரை லிட்டர் குடுவை போதும். வெஸ்ட் உண்மையாகவே தேவைப்படுவது மலைக்குத்தான்.

2025 மார்ச் 9

பெயர் சொல்லுங்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரில் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் டெக்கத்லான். மலையோட்டத்துக்கு முன்பு கலெஞ்சி என்ற பெயரிலும் பிறகு எவாடிக்ட் என்ற பெயரிலும் 5 லிட்டர், 10 லிட்டர் பைகள் விற்றார்கள் (இந்த லிட்டர் பையில் மொத்தமாக அடங்கும் பொருள்களின் அளவு, தண்ணீரின் அளவல்ல). பெயர்ச்சீட்டு மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் தையலையும் அளவையும் பாருங்கள். அங்கே பெரிய வசதி, கடையில் எடுத்து மாட்டிப் பார்க்கலாம் என்பது. வெஸ்ட் விஷயத்தில் இந்த ஒரு வசதி ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிடப் பெரிது. துணி கொஞ்சம் தடிமன், கோடையில் முதுகு புழுங்கும். இழுத்துக் கட்டும் பட்டைகளோ நன்றாக உழைக்கின்றன.

அடுத்தது சீனத் தயாரிப்பான அவோனிஜி. பெரிய பிராண்டுகளின் வடிவமைப்பைப் பின்பற்றித் தைக்கிறார்கள். துணி மெல்லியது, பாக்கெட்டுகள் தாராளம். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பின், இறக்குமதி செய்து விற்பவர்கள் வழியாகத்தான் இங்கே வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே பொருள் ஆளுக்கொரு விலையில் கிடக்கும். இரண்டு, மூன்று இடங்களில் பார்த்துவிட்டு வாங்குங்கள். திருப்பி எடுத்துக்கொள்ளாத கடையில் மட்டும் வாங்க வேண்டாம்.

பெயரே இல்லாமல் எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்கு விற்கும் வெஸ்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் ஒன்றைத் தோழி வாங்கியிருந்தாள். மார்புப் பட்டையின் பக்கிள் மருதமலை இறக்கத்தில் பிளந்துவிட்டது. பட்டை ஒரு தோளில் தொங்க, குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கீழே வந்தாள்.

2025 மார்ச் 11

அளவெடுக்கும் முறை: மார்பைச் சுற்றி மட்டுமல்லாமல், கடைசி விலா எலும்புகளைச் சுற்றியும் டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். மூச்சை முழுதாக இழுத்த நிலையில் அளக்க வேண்டும். கடையில் மாட்டிப் பார்க்கும்போது இரண்டு குடுவையிலும் தண்ணீர் நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். வெறும் வெஸ்ட் எல்லாருக்கும் பொருந்தியது போலத்தான் இருக்கும்.

2025 மார்ச் 23

ஃப்ளாஸ்க் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். என் கருத்தை ஒரே வரியில் கேட்டால்: வெஸ்டில் மிச்சம் பிடியுங்கள், ஃப்ளாஸ்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாயில் வைப்பது அதைத்தான், கசிந்தால் உங்களை நனைப்பதும் அதுதான்.

நல்ல சாஃப்ட் ஃப்ளாஸ்க் டிபியு என்ற நெகிழியால் ஆனது. குடிக்கக் குடிக்கச் சுருங்குவதால் உள்ளே காற்று சேராது, தண்ணீர் தளும்பும் சத்தமும் வராது. ஹைட்ராபேக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பெயரிலும் விற்கிறது, வேறு பிராண்டுகளுக்கும் செய்து தருகிறது. ஆகவே பெரிய பிராண்டின் குடுவைதான் வேண்டும் என்பவர்கள் அதே தரத்தை ஹைட்ராபேக் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்.

வாயகலத்தைக் கவனியுங்கள். சந்தையில் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் இருக்கின்றன. 28 உள்ளதில் பவுடர் கொட்டினால் பாதி தரைக்குப் போகும், பனிக்கட்டியும் நுழையாது. 42 உள்ளதில் ஓடையிலோ குழாயிலோ நொடியில் நிரப்பலாம், தண்ணீர் வடிகட்டும் மூடிகள் பலவும் அந்த அளவுக்கே வருகின்றன, உள்ளே விரல் விட்டுக் கழுவவும் முடியும். நம் சூட்டில் கழுவ முடியாத குடுவை நாலே நாளில் நாறிவிடும்.

இரண்டு குடுவைகளில் ஒன்றில் எப்போதும் வெறும் தண்ணீர் மட்டும் வையுங்கள். சர்க்கரை கலந்தது, கடித்துக் குடிக்கும் முனையான கடிவாயின் பிளவில் ஒட்டிக்கொண்டு, கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். கடிவாயைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். மற்றொன்றில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் சேர்மானப்படி ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அரை லிட்டர் குடுவையில் முழுப் பாக்கெட்டையும் கொட்டாதீர்கள். வீட்டில் ஒரு லிட்டரில் கரைத்துக்கொண்டு அதிலிருந்து நிரப்புவதுதான் சரி.

புதுக் குடுவையில் பிளாஸ்டிக் வாடை அடித்தால் வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கலந்து இரவு முழுக்க வைத்திருங்கள். காய வைக்கும்போது மரக் கரண்டியின் காம்பை உள்ளே நுழைத்துக் கவிழ்த்து வைத்தால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாது.

2025 மார்ச் 24

நேற்று விட்டுப்போனது. மலிவு வெஸ்டுகளில் பலரும் சொல்லும் குறை, பாதி குடித்ததும் குடுவை பாக்கெட்டுக்குள் சரிந்துவிடுகிறது, பிறகு ஓட்டத்தை நிறுத்தி விரல் விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது என்பது. நல்ல வெஸ்டில் பாக்கெட் வாயின் மேலே ஒரு சிறு எலாஸ்டிக் வளையம் இருக்கும், அது குடுவையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் இல்லையென்றால் பழைய எலாஸ்டிக் ஷூ லேஸ் ஒன்றைத் தோள்பட்டைத் தையலில் கோத்து வளையமாக முடிந்துவிடுங்கள். செலவே இல்லாமல் சிக்கல் தீர்ந்துவிடும்.

2025 ஏப்ரல் 6

விலை குறைந்த வெஸ்டை நம் ஊரில் திருத்திக்கொள்ள முடியும் என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காத வசதி. கோவையில் எங்கள் தெருமுனையில் பள்ளிப் பைகளுக்கு ஸிப் மாற்றித் தரும் ஒரு பெரியவர் இருக்கிறார். என் வெஸ்டில் பக்கவாட்டுப் பட்டை மிக உயரத்தில் இருந்ததால் கீழ்விளிம்பு விலாவில் ஒட்டாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அதை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்ற இடத்திலேயே குதித்துக் காட்டினேன். அவர் சுண்ணக் கட்டியால் நான்கு விரல் கீழே ஒரு கோடு போட்டார். பழைய தையலைப் பிளேடால் பிரித்து, பட்டையை இறக்கி, உள்ளே துணித்துண்டு ஒன்றைக் கொடுத்து, கட்டம் போட்டு அதன் நடுவில் குறுக்காகவும் அடித்தார். வெட்டிய நைலான் முனையைத் தீக்குச்சியால் சுட்டு, நூல் பிரியாமல் விரலால் அமுக்கிவிட்டார். கூலி நூற்றைம்பது ரூபாய். அந்த வெஸ்ட் இப்போது என்னிடம் இருப்பவற்றிலேயே நன்றாகப் பொருந்துவது.

இதைச் செய்யும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: பட்டை தைக்கப்படும் இடம் வெறும் வலைத்துணியாக இருந்தால் தையல் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கெட்டித் துணியோ விளிம்பு நாடாவோ இருக்கும் இடமாகப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். விசில், கைவிளக்குக்கான சிறு பட்டை, ஒளியை எதிரொளிக்கும் நாடா ஆகியவற்றையும் அப்போதே தைத்து வாங்கிவிடலாம். நான் விடியுமுன் ஓடுகிறவள். முதுகில் அந்த நாடா இல்லாமல் சாலையில் இறங்குவதில்லை.

2025 ஏப்ரல் 20

பெண்களுக்கான அளவைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு.

பொது அளவு என்று விற்கப்படும் வெஸ்டுகளில் பெரும்பாலானவை ஆண் உடம்பை வைத்துத் தைக்கப்பட்டவை. மார்புப் பட்டை இரண்டும் சரியாக அழுத்தக் கூடாத இடத்திலேயே வந்து அழுத்தும். குட்டையான தடித்த குடுவை மார்பின்மேல் உட்கார்ந்து ஓட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். இதைப் பொறுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பொறுக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டைகள் தண்டவாளத்தில் ஓடுவது போல மேலும் கீழும் நகரும் மாடலாகப் பார்த்து எடுத்து, ஒன்றை மார்புக்கு மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் கொண்டுபோய்விடுங்கள். குடுவை மெலிந்து நீண்டதாகவும், குழாய் உள்ளதாகவும் இருந்தால் அடிப்பகுதி விலாவுக்கு இறங்கிவிடும், குனியாமலும் குடிக்கலாம். ஓடும்போது போடும் ஸ்போர்ட்ஸ் பிராவோடுதான் அளவெடுக்க வேண்டும். பிராவின் தையலும் வெஸ்டின் தையலும் ஒரே கோட்டில் விழுந்தால் அங்கேதான் தோல் போகும். புறப்படும் முன் அந்த இடத்தில் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்பதில்லை.

2025 மே 18

சிறு நிறுவனங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையே தனி மனிதர்களின் கைவேலையில் தொடங்கியது. 1980களின் இறுதியில் டெக்ஸாஸில் கடும் வெயிலில் நடக்கும் ஒரு சைக்கிள் போட்டிக்காக, மருத்துவ அவசர ஊழியரான மைக்கேல் ஐட்ஸன் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதைக் காலுறைக்குள் நுழைத்து, சட்டையின் முதுகில் ஊக்கால் குத்திக்கொண்டு ஓட்டினார். கேமல்பேக் என்ற தண்ணீர்ப் பை நிறுவனம் அங்கிருந்து வந்தது. மலையோட்டக்காரரான பிரைஸ் தாட்சர் 1985இல் அல்டிமேட் டைரக்ஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் தொடங்கிய சிறிய நிறுவனம்தான் அல்ட்ராஸ்பயர். இவர்களுடைய வெஸ்டுகளில் பாக்கெட் எங்கே இருக்க வேண்டும் என்பதை ஓடித் தெரிந்துகொண்டவர்கள் முடிவு செய்திருப்பது கையை வைத்ததும் தெரிகிறது.

பிரான்ஸின் ரெய்ட்லைட் 1999இல் தொடங்கப்பட்டது. பல நாள் ஓட்டங்களுக்கான பைகளில் அவர்கள் பெயர் பெற்றவர்கள். பிரிட்டனின் ஓ.எம்.எம்., 1968இல் தொடங்கிய இரண்டு நாள் மலை மாரத்தானின் பெயரைச் சுமப்பது. அந்தப் போட்டியில் கூடாரம், உணவு, படுக்கைப் பை எல்லாவற்றையும் ஓடுபவரே சுமக்க வேண்டும். அதனால் அவர்களின் பைகள் எடையைத் தாங்குவதில் கெட்டி. பிரிட்டனிலேயே ஹேரியர் என்ற சிறு நிறுவனம் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்று விலையைக் குறைக்கிறது.

இவற்றையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓ.எம்.எம். பை வாங்குவதில் பொருளில்லை. குளிரும் மழையும் அடிக்கும் மேட்டுநிலத்துக்காகத் தைத்ததை நம் புழுக்கத்தில் மாட்டினால் முதுகு வெந்துவிடும். கூரியரில் வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும், அளவு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான். லண்டனிலோ பாரீஸிலோ உறவினர் இருந்து, உங்கள் இரண்டு சுற்றளவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்போது வாங்குங்கள்.

2025 ஜூன் 1

முதுகில் வைக்கும் பிளாடர் (குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை) பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருவர் நினைவூட்டினார். சமவெளியில் எனக்கு அது பிடிப்பதில்லை: எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, நிரப்ப வெஸ்டைக் கழற்ற வேண்டும், குழாயைக் கழுவத் தனிப் பிரஷ் வேண்டும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களின் ஊடே ஓடிய பிறகு இந்த எண்ணம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் மார்பில் எடை இருந்தால் காலடியைப் பார்ப்பது கடினம். அங்கே முதுகில் ஒன்றரை லிட்டர் இருப்பது உடம்பைப் பின்னால் பிடித்து நிறுத்துகிறது. பிளாடர் எடுப்பவர்கள் நிரப்பியதும் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தளும்பல் அடியோடு நின்றுவிடும்.

2025 ஜூலை 6

வெஸ்டே வேண்டாம் என்பவர்களுக்கு: இடுப்புப் பட்டை நல்ல மாற்று. அமெரிக்காவின் நேக்கட் பட்டை போலத் தையலும் பக்கிளும் இல்லாத இழுபடும் வளையம் ஒன்றில் அரை லிட்டர் குடுவையும் கைபேசியும் அடங்கிவிடும். முதுகும் தோளும் காற்றாட இருப்பதால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எனக்கு அதுவே உகந்ததாகப் படுகிறது. இடுப்பளவு ஓரங்குலம் தவறினாலும் மேலேறிவிடும் என்பதால் அளவு விஷயத்தில் வெஸ்டைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். அரை லிட்டருக்குமேல் அதில் ஏற்ற வேண்டாம்; வயிறு அழுந்திக் குமட்டும்.

2025 ஜூலை 8

துவைப்பது: வாளித் தண்ணீரில் சாதாரண சோப்பு, கையால் அலசி, நிழலில் உலர்த்தல். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். உப்புப் படிந்த வெஸ்டை அப்படியே மறுபடி மாட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஓடிவந்த அன்றே அலசிவிடுங்கள்.

2025 ஆகஸ்ட் 17

முதலில் கேட்டவர் மறுபடியும் வந்து, 5 லிட்டரா 10 லிட்டரா என்கிறார். போட்டியின் கட்டாயப் பொருள் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் யுடிஎம்பி ஓட்டத்தில் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர், 15 சென்டிலிட்டர் பிடிக்கும் சொந்தக் குவளை, விசில், உயிர்காப்புப் போர்வை, தலையை மூடும் தொப்பியோடு கூடிய மழைச்சட்டை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நம் நாட்டு மலையோட்டங்களில் பட்டியல் சிறியதாக இருக்கலாம், ஆனால் மழைச்சட்டையும் தலைவிளக்கும் கேட்டால் 5 லிட்டரில் திணறும். அந்தப் பொருள்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். எந்த வெஸ்டில் அத்தனையும் அடங்கி, குதித்தால் ஆடாமல் நிற்கிறதோ அதுதான் உங்களுடையது. என் கணிப்பில் அது 8 முதல் 10 லிட்டருக்குள் வரும். காலியாக இருக்கும்போது பக்கங்களை இறுக்கிச் சுருக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள், அப்போதுதான் ஞாயிறு ஓட்டங்களுக்கும் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

இப்போதே வாங்கிவிடுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் வாங்கினால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துகொள்ளவும், தைத்துத் திருத்தவும் நாள் இருக்காது.